நாள் முடிவில் அரைப் பக்கம்: தத்துவச் சிந்தனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

அப்பாவின் காரியம் முடிந்து உறவினர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, வருஷக்கணக்காகப் பார்த்த வேலை போன மறுவாரம், பிள்ளைகள் வெளிநாடு போய் வீடு வெறிச்சோடிக் கிடக்கும்போது. தத்துவத்தின் பக்கம் நம்மில் பலர் வருவது இந்த மாதிரி நேரத்தில்தான். “இதெல்லாம் எதுக்கு?” என்ற கேள்வி அப்போது தானாக எழும். அவசரமாக ஒரு தடித்த புத்தகத்தை வாங்குவோம், தலையும் வாலும் புரியாமல் நாலு நாளில் மூடி வைப்போம்.

அப்படி மூடி வைத்தவர்களுக்கும் இன்னும் திறக்கவே இல்லாதவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். வாழ்க்கையைப் பற்றிச் சிந்திப்பதை அன்றாடப் பயிற்சியாகவே வைத்திருந்தவர்கள் கிரேக்கத்திலும் ரோமிலும் இருந்தார்கள். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் சந்தைத் திடலை ஒட்டிய ஒரு தூண் மண்டபத்தில் சீனோ என்பவர் பாடம் சொல்லத் தொடங்கினார். அந்த வழியில் வந்தவர்களை ஸ்டோயிக்குகள் என்கிறோம். பிற்காலத்தில் அதில் பெயர் பெற்ற மூன்று பேரில் ஒருவர் அடிமையாக இருந்தவர், ஒருவர் பெரும் பணக்காரர், ஒருவர் சக்கரவர்த்தி. மூவரும் செய்த வேலை அடிப்படையில் ஒன்றே: நடந்ததையும், நடந்ததைப் பற்றித் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டதையும் பிரித்துப் பார்த்தார்கள். அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

எங்கே தொடங்குவது

“வாழ்க்கையின் அர்த்தம் என்ன?” என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதாதீர்கள். அந்தக் கேள்விக்குக் கீழே யாருக்கும் பேனா ஓடாது. இந்த வாரம் உங்கள் மனதில் முள்ளாகத் தைத்த ஏதாவது ஒரு சின்ன விஷயத்தை எடுங்கள்.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிடித்துப் போவோம். உங்கள் சித்தப்பா மகன் வீட்டில் கல்யாணம். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வருகிறது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து வைக்கவில்லை, ஒரு போன்கூட இல்லை. அன்றிலிருந்து உங்களுக்கு மனசு சரியில்லை. போவதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது.

இதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று தோன்றலாம். மரியாதை, உறவு, பணம், நம்மை யார் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்ற கவலை என்று வாழ்க்கையின் பெரிய கேள்விகள் எல்லாம் அந்த ஒரு பத்திரிகைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. பெரிய கேள்விகள் தனியாக வீதியில் நடந்து வருவதில்லை.

சின்னதில் தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி 1965 செப்டம்பரில் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, 1973 பிப்ரவரி வரை சிறையில் இருந்தார். காலை உடைத்தார்கள், தனிமைச் சிறையில் போட்டார்கள். அங்கே தனக்குக் கைகொடுத்தது எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக்கின் பாடம்தான் என்று பிற்பாடு திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பாடத்தை அவர் படித்தது சிறையில் இல்லை. பல்கலைக்கழகத்தில், எந்த ஆபத்தும் இல்லாத நாட்களில், தனக்கு இது எதற்கு என்றுகூடத் தெரியாமல் படித்தார். இடி விழுந்த பிறகு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் நிதானம் மனதுக்கு இருக்காது. பத்திரிகை விஷயத்தில் பழகிய மனம்தான் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

நோட்டும் நேரமும்

எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். போனில் எழுதாதீர்கள். உங்களை நோகடித்த வாட்ஸ்அப் அதே திரையில்தான் இருக்கிறது. படுக்கப் போகும் முன் பத்துப் பதினைந்து நிமிஷம், அரைப் பக்கம். அதற்கு மேல் வேண்டாம்.

இரவைச் சொல்வதற்குக் காரணம் செனெகா. நீரோ சக்கரவர்த்தியின் ஆசிரியராக இருந்த அந்தச் செல்வந்தர், கோபத்தைப் பற்றி எழுதும்போது தன் வழக்கத்தைச் சொல்கிறார். விளக்கை அகற்றியதும், தன் வழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்தியதும், அன்றைய நாள் முழுவதையும் மனதில் திரும்பப் பார்ப்பாராம். தனக்கு முன் வாழ்ந்த செக்ஸ்டியஸ் என்பவரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட கேள்விகள் மூன்று: இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைக் குணப்படுத்தினாய்? எந்தக் குறையை எதிர்த்து நின்றாய்? எந்த வகையில் முன்னைவிட மேலானாய்?

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அவர் தன்னிடம் பேசும் தொனி. அந்த வாக்குவாதத்தில் தேவைக்கு மேல் சண்டைக்காரனாகப் பேசிவிட்டாய் என்கிறார். இனி அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள், இந்தத் தடவை உன்னை மன்னிக்கிறேன் என்றும் சொல்கிறார். இந்த இரண்டாவது வாக்கியத்தை நாம் மறந்துவிடுகிறோம். ராத்திரி உட்கார்ந்து யோசிப்பது என்றாலே நம்மை நாமே திட்டிக்கொள்வது என்று பழகியிருக்கிறோம். நோட்டில் உங்களைப் பற்றி எழுதும் வரியை உங்கள் பிள்ளையிடம் அதே வார்த்தைகளில் சொல்வீர்களா என்று பாருங்கள். சொல்ல மாட்டீர்கள் என்றால் அடித்துவிட்டு மாற்றி எழுதுங்கள்.

பக்கத்தை நடுவில் மடியுங்கள்

இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்ற படிகளை விட்டாலும் இதை விடாதீர்கள்.

தாளை நீளவாக்கில் மடித்து இரண்டு பத்தியாக்குங்கள். இடது பக்கம் நடந்தது. வலது பக்கம் அதைப் பற்றி நீங்கள் மனதுக்குள் சொன்னது. சம்பந்தமே இல்லாத ஒருவர் அங்கே நின்றிருந்தால் எதையெல்லாம் “ஆமாம், நடந்தது” என்று ஒப்புக்கொள்வாரோ, அது மட்டும்தான் இடது பக்கத்தில் வரலாம்.

முதல் நாள் எழுதும்போது பெரும்பாலானவர்கள் இடது பக்கத்திலேயே “பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பி அவமானப்படுத்திவிட்டான்” என்று எழுதுவார்கள். அந்த வாக்கியத்தில் பாதிதான் இடது பக்கத்துக்குரியது. பிரித்தால் இப்படி வரும்.

இடது: “ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தது. கீழே ஒரு கும்பிடு. நேரில் வரவில்லை. போன் செய்யவில்லை.”

வலது: “வேணும்னே அவமானப்படுத்திட்டான். கையில காசு வந்ததும் மாறிட்டான். அப்பா இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பானா?”

எபிக்டெட்டஸ் இதற்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்திருக்கிறார். ஒருவர் அவசரமாகக் குளித்தால் மோசமாகக் குளிக்கிறார் என்று சொல்லாதே, அவசரமாகக் குளிக்கிறார் என்று மட்டும் சொல். ஒருவர் நிறைய மது குடித்தால் மோசம் என்று சொல்லாதே, நிறையக் குடிக்கிறார் என்று சொல். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது உனக்குத் தெரியாதபோது மோசம் என்பது எப்படித் தெரியும்? இவர் ரோமில் அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமானவர், விடுதலைக்குப் பின் தத்துவம் சொன்னதற்காக நகரத்தை விட்டே வெளியேற்றப்பட்டவர். மனிதர்களைக் கலங்க வைப்பது நடப்பவை அல்ல, நடப்பவற்றைப் பற்றிய அவர்களுடைய தீர்ப்புகளே என்று இவர் சொல்லும்போது, சொகுசாக உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

இப்போது வலது பக்கத்தின் மூன்றாவது வரியை மறுபடி படியுங்கள். “அப்பா இருந்திருந்தா.” பத்திரிகையைப் பற்றி எழுத உட்கார்ந்த கைக்கு அப்பா எங்கிருந்து வந்தார்? ஒருவேளை, அப்பா போன பிறகு இந்தக் குடும்பத்தில் நம் வீடு ஒரு பொருட்டே இல்லாமல் போய்விட்டதோ என்ற பயம் நெடுநாளாக உள்ளே இருந்து, பத்திரிகை அதன் மேல் கை வைத்திருக்கலாம். அப்படியென்றால் சித்தப்பா மகன் நாளைக்கே பட்டுவேட்டியோடு வாசலில் வந்து நின்றாலும் அந்த வலி முழுதாகத் தீராது. அது வேறு வலி, அதற்கு வேறு ஏதோ வேண்டும்.

வாழ்க்கையைப் புரிந்துகொள்வது என்பதில் பெரும்பகுதி இந்த அளவில்தான் நடக்கிறது. எது வலிக்கிறது என்று சரியாகப் பெயர் சொல்லத் தெரிவது பெரிய விஷயம். மனதுக்குள் சுழலும்போது மூன்று வாக்கியங்களும் ஒரே சூட்டில் ஒன்றாக ஓடும். தாளில் இறக்கினால்தான் தனித்தனியாக நிற்கும். அதனால்தான் யோசித்தால் போதாதா, எழுதத்தான் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம் எழுதத்தான் வேண்டும் என்கிறேன்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள்?

வலது பக்கத்தில் எப்போதும் ஒரு கனமான சொல் இருக்கும். மரியாதை, நன்றி, கடமை, வெற்றி என்று ஏதாவது. அதை அடிக்கோடிட்டு, சாக்ரடீஸ் செய்ததைச் செய்யுங்கள்.

பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் லாக்கெஸ் என்ற ஏதென்ஸ் தளபதியிடம் சாக்ரடீஸ் வீரம் என்றால் என்ன என்று கேட்கிறார். வரிசையை விட்டு ஓடாமல் நின்று எதிரியோடு பொருதுகிறவன் வீரன் என்று தளபதி சட்டென்று பதில் சொல்கிறார். அப்படியானால் பின்வாங்கிக்கொண்டே போரிடும் சித்தியக் குதிரைப் படையினர்? கடலில், நோயில், வறுமையில் தைரியம் காட்டுகிறவர்கள்? வாழ்நாளெல்லாம் போரில் கழித்தவருக்குப் பதில் வரவில்லை. அந்த உரையாடல் முடிவு காணாமலே முடிகிறது, ஆனால் தொடங்கிய இடத்தில் முடியவில்லை.

நம் உதாரணத்தில் கேளுங்கள். நேரில் வந்து வைப்பதுதான் மரியாதையா? நேரில் வந்து, காபி குடித்து, தெருமுனை தாண்டியதும் நம்மைப் பற்றிக் குறை பேசுகிறவர் செய்தது என்ன? அப்பா ஐசியூவில் கிடந்தபோது மூன்று ராத்திரி வெளியே பெஞ்சில் படுத்திருந்தவன் இதே சித்தப்பா மகன்தான் என்றால், அதற்கு என்ன பெயர்? எழுதிக்கொண்டே போங்கள். விடை வராவிட்டால் பரவாயில்லை. “காசு வந்ததும் மாறிட்டான்” என்ற தீர்ப்பு அதற்குள் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும்.

எது உங்கள் கையில்?

அடுத்து ஒரே ஒரு கோடு. எபிக்டெட்டஸின் போதனைகளைத் தொகுத்த சிறு கையேடு இந்தப் பிரிவினையோடுதான் தொடங்குகிறது: நம் எண்ணம், முயற்சி, விருப்பு, வெறுப்பு நம்மைச் சேர்ந்தவை. உடம்பு, சொத்து, பேர், பதவி முழுவதும் நம்மைச் சேர்ந்தவை அல்ல. அவன் என்ன நினைத்து அனுப்பினான் என்பது உங்கள் கையில் இல்லை. போன் போட்டு வாழ்த்துச் சொல்வது, “நேர்ல வருவேன்னு எதிர்பார்த்தேன்டா, கொஞ்சம் வருத்தமாப் போச்சு” என்று நிதானமாகச் சொல்வது, கல்யாணத்துக்குப் போவது எல்லாம் உங்கள் கையில். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாளைக்குச் செய்ய வேண்டியதாகப் பக்கத்தின் அடியில் எழுதுங்கள். செயலில் முடியாத பக்கம் பாதிப் பக்கம்தான்.

இந்த இடத்தில் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. “நம்ம கையில என்ன இருக்கு” என்று பெருமூச்சு விட்டு அநியாயத்தை விழுங்குவதற்கு இந்தக் கோட்டைப் பயன்படுத்தாதீர்கள். முதலாளி மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தால், அவர் மனசு மாறுவது உங்கள் கையில் இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுப்பதும், பாதிக்கப்பட்ட மற்றவர்களோடு சேர்வதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. சாதியின் பெயரால் ஒருவர் அவமதிக்கப்படும்போது அவரிடம் போய் “உன் தீர்ப்புதான் உன்னைக் கலக்குகிறது” என்று சொல்வது கொடுமை. ஸ்டோயிக்குகள் எல்லா மனிதரும் உறவினர் என்றார்கள், ஆனால் அடிமை முறையை ஒழிக்க இயக்கம் எதுவும் நடத்தவில்லை. அவர்கள் நின்ற இடத்திலேயே நாமும் நிற்க வேண்டியதில்லை.

நம் மொழியில் இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு இருக்கிறது. முதல் வரியை மேடைகளில் கேட்டுக் கேட்டு மிச்சத்தை விட்டுவிட்டோம். தீதும் நன்றும் பிறர்தர வாரா என்பதற்கு அடுத்தே, நோதலும் தணிதலும் அவற்றைப் போன்றவையே என்கிறார். பிறகு, பேராற்று நீரோடு போகும் தெப்பம்போல உயிர் முறைப்படி செல்லும் என்று கண்டதால், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். யாருக்குக் காசு வந்தது, யார் வீடு தாழ்ந்தது என்ற கணக்கில் வெந்துகொண்டிருக்கும் ஒரு ராத்திரியில் பாட்டை முழுதாக, மெதுவாகப் படித்துப் பாருங்கள்.

காலையில் ஒரு வரி

இது எளிது. கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்கஸ் ஆரேலியஸ் தனக்காக மட்டும் கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதினார், அதில் ஒரு பகுதியைப் போர் முனையில் எழுதினார். அவற்றில் ஒன்று: காலையில் உனக்கே சொல்லிக்கொள், இன்று மூக்கை நுழைக்கிறவனையும் நன்றி கெட்டவனையும் திமிர் பிடித்தவனையும் ஏமாற்றுக்காரனையும் பொறாமைக்காரனையும் சந்திக்கப் போகிறேன். இத்தோடு நிறுத்தினால் அது உலகத்தின் மேல் கசப்பாகிவிடும். அவர் தொடர்ந்து எழுதுகிறார்: அவர்களும் என் உறவினர்களே, கைகளும் கால்களும் இமைகளும் மேல்வரிசை கீழ்வரிசைப் பற்களும் போலச் சேர்ந்து வேலை செய்யவே பிறந்திருக்கிறோம். உங்கள் காலை வரியிலும் இந்த இரண்டாம் பாதி இருக்கட்டும்.

துக்கத்தில்

இழவு வீட்டில் நோட்டை எடுக்காதீர்கள். இந்தப் பயிற்சி அழுகையை நிறுத்துவதற்கு இல்லை. நண்பர் செரனஸ் இறந்தபோது அளவில்லாமல் அழுததாகச் செனெகாவே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார், துக்கத்திடம் தோற்றவர்களுக்கு உதாரணமாகத் தன்னையே காட்டுகிறார். மார்கஸ் ஆரேலியஸ் தன் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தனக்கு முன்பே பறிகொடுத்தவர். அவர் குறிப்புகளில் மரணத்தைப் பற்றி அத்தனை முறை வருவதை அந்த வீட்டை நினைத்துக்கொண்டு படித்தால்தான் புரியும்.

சில மாதம் கழித்து, மனம் தானாகப் பேசத் தொடங்கும்போது எழுதலாம். அப்போதும் மடித்த பக்கம் உதவும். “கடைசியா ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கலாம்” என்பது ஒரு வருத்தம். “பார்க்காததாலதான் போயிட்டார்” என்பது தீர்ப்பு. முதலாவதைச் சுமக்கத்தான் வேண்டும். இரண்டாவதை ஆதாரம் கேட்டு நிறுத்தலாம். இன்னொருவரின் துக்கத்தில் மட்டும் இந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். அவருக்கு வேண்டியது சாப்பாடும் துணையும்தான்.

சுற்றிச் சுற்றி வந்தால்

ஒரே வாக்கியத்தைத் தொடர்ந்து பல நாள் எழுதுகிறீர்கள் என்றால் அது சிந்தனை இல்லை, செக்குமாட்டு நடை. நோட்டை மூடிவிட்டு எழுந்து நடங்கள், யாரிடமாவது பேசுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், காலையில் எழவே மனமில்லை என்றால், மருத்துவரைப் பார்ப்பதுதான் அடுத்த படி. வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் உதவி கேளுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலும் பேசலாம். தத்துவத்துக்கும் சிகிச்சைக்கும் பகை கிடையாது. 1950களில் ஆல்பர்ட் எல்லிஸும், அடுத்த பத்தாண்டில் ஆரன் பெக்கும் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் உளச்சிகிச்சை முறைகளுக்கு ஸ்டோயிக்குகள் முன்னோடிகள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

துணையும் படிப்பும்

ஒரு மாதம் ஆனதும் பழைய பக்கங்களை ஒரே மூச்சில் படியுங்கள். வேறு வேறு சம்பவங்களில் வலது பக்கத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். “என்னை யாரும் மதிக்கல” என்றோ “நான்தான் எல்லாத்தையும் செய்யணும்” என்றோ. அந்த வரியை நம்பகமான ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். கணவன் மனைவிக்குள் இதைத் தொடங்குவது கஷ்டம், பெரும்பாலும் அவர்களே அந்தச் சம்பவத்தில் இருப்பார்கள். பழைய நண்பர் ஒருவர் நல்லது. அவரிடம் தீர்வு கேட்காதீர்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

புத்தகம் இதற்குப் பிறகு வரட்டும். எபிக்டெட்டஸின் அந்தக் கையேட்டிலிருந்தே தொடங்கலாம். ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட சிறு பகுதிகள், பல பகுதிகள் ஒரு பத்திதான். அவர் கைப்பட எழுதியதில்லை, அரியன் என்ற மாணவர் வகுப்பில் கேட்டதிலிருந்து தொகுத்தது. ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் படிக்காதீர்கள். பிள்ளையை முத்தமிடும்போதே அது இறக்கக்கூடியது என்று நினைத்துக்கொள் என்பது போன்ற இடங்கள் வரும், எனக்கு இன்றுவரை அது ஒப்பவில்லை. உங்களுக்கு ஒப்பாத பகுதியின் எண்ணை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, ஏன் ஒப்பவில்லை என்று அன்றைக்கு அரைப் பக்கம் எழுதுங்கள்.